நாற்பத்தேழாம் பிளாக் நேராக நின்ற நாட்கள்

எங்கள் நாற்பத்தேழாம் பிளாக் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால் பாக்கெட் வந்த பிறகும் தண்ணீர் லாரி வருவதற்கு முன்பும், நேராக நிமிர்ந்தது. அதற்கு முந்தைய எட்டு மாதமாக அது தெற்குப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது என்பதும், உச்சியில் ஒரு சாண் அளவுக்குச் சாய்ந்துவிட்டது என்பதும், தக்காளி, எலுமிச்சம்பழம், மாத்திரை என்று உருளக்கூடிய எதைக் கீழே விட்டாலும் அது எங்கள் வீடுகளில் தெற்குச் சுவரோரம்தான் போய்ச் சேரும் என்பதும் காலனியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், கட்டிக்கொடுத்த ஆபீசுக்கு மட்டும் தெரியாத விஷயம். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது இன்னொரு ஆபீஸைக் கைகாட்டும், அந்த ஆபீஸ் மூன்றாவதைக் கைகாட்டும், கடைசியில் தப்பெல்லாம் ஏரியின் மேல்தான் என்று முடியும். ஏரியை மூடித்தான் எங்களுக்குக் கட்டினார்கள். ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு தளத்துக்கு எட்டு வீடு, நாலு தளத்துக்கு முப்பத்திரண்டு வீடு என்று அடுக்கிவைத்தார்கள். அடுக்குவதற்கு முன்னால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் அண்ணிக்குத் தெரியும், இன்ஜினியர்களுக்குத் தெரியவில்லை.

அண்ணி பெயர் சுகுணா. என் அண்ணன் துரைராஜைக் கட்டிக்கொண்டு வருவதற்கு முன்னால் ஏழு வருஷம் சித்தாளாக இருந்தவள். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் பலகை, பலகைமேல் பன்னிரண்டு செங்கல், ஒரு கையாலும் பிடிக்காமல் சாரத்தில் ஏறி மூன்றாவது மாடியில் கொத்தனார் காலடியில் ஒரு கல்கூட நழுவாமல் இறக்கினவள். இறக்கி இறக்கிக் கழுத்து போன பிறகு, ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட மூன்று மாதப் பயிற்சிக்குப் போய், நாற்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாகச் சான்றிதழ் வாங்கிவிட்டு, குடோனிலிருந்து வேலைக்கான கடிதம் வரட்டும் என்று வீட்டில் காத்திருந்தாள். இனிமேல் எடையைத் தலையில் தூக்கப்போவதில்லை, கையால் ஒரு குச்சியை நகர்த்தித்தான் தூக்கப்போகிறேன் என்று அவள் சொல்லும்போது அந்தக் கை தானாக ஆடும். இந்தக் கதை முழுக்க அந்தக் கடிதத்தைப் பற்றித்தான். கட்டடத்தைப் பற்றியது என்று எங்கள் பிளாக்கில் முப்பத்தோரு வீட்டுக்காரர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

அண்ணன் ஏ.சி. மெக்கானிக். பெரிய வீடு ஒன்றில் குப்பைக்குப் போக வைத்திருந்த ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கேட்டு வாங்கிவந்து எங்கள் டிவியில் மாட்டினான். உள்ளே சிக்கின டிஸ்க் வெளியே வராது, அதனால் அதில் ஒரே ஒரு விளையாட்டுதான். திரையில் ஒரு சீசா பலகை இருக்கும். அதன்மேல் அடுக்கச் சொல்லி ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டேயிருக்கும், பீப்பாய், ஏணி, பியானோ, மூன்று பூசணிக்காய், ஒரு பசுமாடு. ஒவ்வொன்றுக்கும் அதன் எடை உண்டு, அதன் வழுக்கல் உண்டு, மாடு வாலை ஆட்டினால் மேலே இருக்கும் ஏணி நழுவும். எல்லாவற்றையும் சாயாமல் அடுக்கிவிட்டால் உச்சியில் ஒரு மஞ்சள் பறவை வந்து உட்காரும். பறவை உட்கார்ந்தால் அந்தக் கட்டம் முடிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணி முதல்முறையாகக் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள், பியானோவை நடுவில் வைத்தாள், மாட்டை அதன்மேல் குறுக்காகப் படுக்கவைத்தாள், பறவை வந்து உட்கார்ந்தது, பிளாக் நேரானது. வெகுநேரம் சம்மணம் போட்டிருந்தவர் எழுந்திருக்கும்போது முழங்காலில் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம் தரையிலிருந்து மேல்மாடி வரைக்கும் ஏறிப்போனது. அவ்வளவுதான்.

முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, புகார். எட்டு மாதத்தில் எல்லாரும் சாய்வுக்குத் தகுந்தபடி வாழப் பழகியிருந்தார்கள். கட்டிலின் தெற்குக் காலுக்குச் செங்கல், அடுப்புக்கு ஓட்டாஞ்சில்லு, பீரோவுக்குப் பழைய நோட்டுப் புத்தகம் என்று முட்டுக் கொடுத்திருந்தார்கள். கட்டடம் நிமிர்ந்ததும் முட்டுக் கொடுத்த அத்தனையும் வடக்கே சாய்ந்தது. எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்கா, எந்தப் பாவி என் ஃப்ரிட்ஜைச் சாய்த்தது என்று படியேறிப் படியிறங்கிக் கேட்டுவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். மேல்வீட்டில் சாம்பார் வடக்குப் பக்கம் வழிந்தது. பக்கவாதம் வந்து படுத்திருந்த ஏகாம்பரம் தாத்தா கட்டிலிலிருந்து மெதுவாக நழுவிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் முப்பத்திரண்டு வீட்டிலும் செங்கல்லை உருவியெடுத்து மாடிப்படியோரம் குவித்தார்கள். உருவி முடிக்கும்போது பறவை பறந்துவிட்டது, பிளாக் மறுபடியும் மெல்லத் தெற்கே சாயத் தொடங்கியது, அண்ணி அடுத்த கட்டத்தை ஆடினாள், பறவை வந்தது, நிமிர்ந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் கணக்கு பிடிபட்டுவிட்டது: பறவை ஒரு மணி நேரம் உட்காரும், பறந்தால் அடுத்த கட்டத்தை ஆட வேண்டும், அடுக்கு சரிந்தால் பிளாக் இரண்டு விரல் கூடுதலாகச் சாயும். இருட்டிவிட்டால் கவலையில்லை, பறவை என்பதால் தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு விடியும்வரை அங்கேயே இருக்கும்.

எப்படி இது நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, எத்தனை மணிவரை நடக்கும் என்றுதான் கேட்டார்கள். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் வருஷம் படிப்பவள். டிவிக்குள் இருக்கிற பூசணிக்காய்க்கும் வெளியே இருக்கிற அஸ்திவாரத்துக்கும் எந்த விசையும் இல்லை, இருக்க முடியாது, இது நடக்கவில்லை என்று நேராக நின்ற தரையில் நேராக நின்றுகொண்டு வாதாடினேன். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கரென்ட் எப்டி வருதுன்னு எனக்கும்தான் முழுசா தெரியல, ஏ.சி. ஓடுதில்ல" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. கேட்க ஆள் இல்லை.

எங்கள் பிளாக் செக்ரெட்டரி மாசிலாமணி, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், தண்ணீர் லாரிக்கு முறை போட்ட அதே நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி விளையாட்டுக்கும் முறை போட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம், முதல் வீடு காலை ஆறு. தரைத்தளத்துக்காரர்கள் தங்களுக்குச் சாய்வே தெரியவில்லை, தாங்கள் ஏன் ஆட வேண்டும் என்றார்கள். மேல்மாடிக்காரர்கள் அடி சரிந்தால்தானே முடி சரியும் என்றார்கள். இந்தச் சண்டை மோட்டார் ரிப்பேர் விஷயத்திலும் வந்ததுதான், அப்போது போலவே இரண்டு நாளில் தீர்ந்தது. ஆனால் முறை நிலைக்கவில்லை, ஏனென்றால் ஆட்கள் சரியில்லை. பையன்கள் வேகமாக அடுக்கிச் சரியவிட்டார்கள். பெரியவர்களுக்குக் கை நடுங்கியது. நான் என் முறை வந்தபோது பேப்பரில் திருப்புவிசை கணக்குப் போட்டேன், போட்டு முடிப்பதற்குள் மாடு விழுந்துவிட்டது, மேல்வீட்டுக் குக்கர் அடுப்பிலிருந்து இறங்கி வாசல்வரை போய்விட்டது. யார் கணக்குத் தப்பினாலும் அண்ணி ஓடிவந்து நிமிர்த்த வேண்டியிருந்தது. ஒரு மாதம் முடிவதற்குள் மாசிலாமணி நோட்டில் முப்பத்தோரு பெயரை அடித்துவிட்டார். அடிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று.

அப்படியாக அண்ணி உட்கார்ந்தாள். காலை ஆறு மணிக்கு உட்காருவாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்திருப்பாள். பறவை உட்கார்ந்திருக்கிற ஒரு மணி நேரத்தில் குளிப்பாள், சமைப்பாள், துணி அலசுவாள். கடைத்தெரு வரைக்கும் போய்த் திரும்புவதற்கு அந்த ஒரு மணி போதும், அதற்கு அப்பால் போகப் போதாது. பிளாக் அவளைத் தாங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். கீழ்வீட்டிலிருந்து மோர் வரும், நூர்ஜஹான் அக்கா அவள் விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார், டிவிமேல் வெயில் விழக்கூடாதென்று யாரோ சேலையைக் கிழித்துத் திரை தைத்தார்கள், கரென்ட் போனால் நிற்கக்கூடாதென்று எல்லாரும் சேர்ந்து இன்வெர்ட்டர் வாங்கிவைத்தார்கள், பெட்டியின் முகத்தில் விபூதிப் பட்டையும் ஒரு சிலுவை ஸ்டிக்கரும் நூர்ஜஹான் அக்கா எழுதிய எழுநூற்று எண்பத்தாறு என்ற எண்ணும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் இடம்பிடித்தன. விசேஷம் வைப்பவர்கள் முதலில் அண்ணியிடம் வந்து மணி கேட்டுவிட்டுத்தான் பத்திரிகை அடித்தார்கள். தண்ணீர் லாரி வருகிற நாளில் முப்பத்திரண்டு வீட்டுக் குடமும் ஒரே நேரத்தில் படியேறும். அப்போது அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மூன்றாவது மாடியில் யாரோ இரண்டு குடத்தை வடக்கு மூலையில் இறக்கிவிட்டார்கள், தெற்கே தள்ளிவைக்கச் சொல்லு என்பாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு குடம் வடக்கு மூலையில் இருக்கும்.

இதையெல்லாம் அன்பு என்று சொல்லலாம். நானும் சொன்னேன், கொஞ்ச நாள். பிறகு ஒரு நாள் அண்ணி கையை உதறிக்கொண்டே, பயிற்சியில் ஓட்டிய வண்டியின் சத்தம் மறந்துபோகிறது என்று சொன்னபோது, முப்பத்திரண்டு வீட்டின் எடையையும் மறுபடியும் அவள் கழுத்தில்தான் ஏற்றியிருக்கிறோம், சும்மாடு மட்டும்தான் மாறியிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஆகவே மனு எழுதினேன். ஒன்று, இரண்டு, பதினான்கு. சாய்வைக் கோணத்தில் எழுதினேன், சாணில் எழுதினேன், செய்யுள் தவிர எல்லா நடையிலும் எழுதினேன். பதினான்காவது மனுவுக்குப் பதில் வந்தது: இன்ன புதன்கிழமை உதவிப் பொறியாளர் நேரில் வந்து அளப்பார். அந்தப் புதன் எனக்குச் செய்முறைத் தேர்வு. காலையில் கிளம்பும்போது, அவர் வரும் நேரத்தில் பெட்டியை அணைத்து வையுங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம் என்று படியிறங்கும் வழியெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனேன். எல்லாரும் சரி என்றார்கள்.

சாயங்காலம் திரும்பிவந்தால் பிளாக் வாசலில் கோலம். மாடிப்படி கழுவியிருக்கிறது. கம்பியில் காய்ந்த துணியெல்லாம் உள்ளே போயிருக்கிறது. எல்லார் முகத்திலும் சம்பந்தி வீட்டார் வந்து திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுப் போன களை. நூர்ஜஹான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினியர் சார் நூல் விட்டுப் பார்த்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், குமிழி அசையவே இல்லை, இவ்வளவு நேரான கட்டடத்தை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சொன்னார் என்றார். மாசிலாமணி நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். கட்டடம் செங்குத்தாக உள்ளது, குடியிருக்கத் தகுதியானது, மனுதாரரின் புகாரில் உண்மை இல்லை. கீழே முத்திரை.

நான் என்னவெல்லாம் பேசினேன் என்று எழுதப்போவதில்லை. காலனி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். காலையில் சரி என்று சொன்னீர்களே என்று கேட்டேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னோம், ஆனால் அவர் ஜீப்பிலிருந்து இறங்கினதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, சுகுணாவை ஒரே ஒரு ஆட்டம் ஆடச் சொன்னோம் என்றார்கள். கடைசியில் மாசிலாமணி சொன்னது மட்டும் என் காதிலேயே நிற்கிறது. அவர் கோபமாகச் சொல்லவில்லை.

"நம்ம வீட்டுக்கு ஒருத்தர் வர்றாரு பாப்பா. அவரு முன்னாடி கோணலா நிக்கச் சொல்றியா?"

ஆற்றங்கரையில் இருந்தபோது யாரும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வந்தவர்கள் மூக்கில் கர்சீப் வைத்துக்கொண்டு வந்தார்கள். அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு நான் கத்தினேன்.

கடிதம் அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. நெடுஞ்சாலை ஓரத்துக் குடோனில் அண்ணிக்கு வேலை. வருகிற முதல் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகாலுக்குக் காலனி முனையில் கம்பெனி வேன் நிற்கும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். அண்ணி கடிதத்தைப் படித்துவிட்டு டிவி அடியில் வைத்துவிட்டு ஒரு பீப்பாயை ஏற்றினாள்.

அன்று சாயங்காலம் பறவை தூங்கின பிறகு, பிளாக்குக்கு முன்னால் எல்லாரும் கூடினோம். யாரும் போகக்கூடாது என்று சொல்லவில்லை, அதுதான் கொடுமை. ஆறு மாதம் பொறுக்க முடியுமா என்றார்கள். வேறு யாராவது பழகும்வரை என்றார்கள். வீட்டில் உட்கார்ந்து விளையாடுவதில் என்னம்மா கஷ்டம், வெயிலா மழையா என்று ஒரு குரல் கேட்டது. என் பேரன் பிறக்கிற மாதம் அது, பிறக்கும்போது வீடு சாய்ந்தா இருக்க வேண்டும் என்று ஒரு அம்மா அழுதார். அண்ணன் கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். நான் எழுந்தேன். நாம் தாங்குகிறவரை அவர்கள் ஏன் தாங்க வேண்டும், ஒரு பெண்ணின் பத்து விரலை அஸ்திவாரமாகப் போட்டுக் கட்டிய கட்டடத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கிற ஆபீசை நாம்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம், அவள் எழுந்தால்தான் அவர்கள் எழுவார்கள் என்றெல்லாம் நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். யாரும் கை தட்டவில்லை, திட்டவும் இல்லை. சோறு ஆறிப்போகிறது என்று கலைந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி எனக்குத் தட்டு வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்காகத்தான் பேசின, தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா, போகணுமா இருக்கணுமான்னு?"

கேட்கவில்லை. இந்த நாலு மாதமாக நான் நேரான மேசையில் உட்கார்ந்து, உருண்டு போகாத பேனாவால், தேர்வுக்கும் படித்தேன், அவளுக்காக மனுவும் எழுதினேன். என் மேசை நேராக இருந்ததைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை.

"போகணுமா அண்ணி?"

"போகணும்" என்றாள். குழம்பு ஊற்றினாள். "ஆனா மேல ஆளுங்கள வெச்சிக்கினு எப்டி எந்திரிக்கறது? அடுக்கறப்ப கீழேந்து மேல போகணும், பிரிக்கறப்ப மேலேந்து கீழ வரணும். மொதல்ல எல்லாரும் எறங்கணும் திலகா."

நான் அந்தச் சான்றிதழைப் பத்து முறை படித்தேன். பத்தாவது முறை அதன் அடியில் சிறிய எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது: மேலதிகாரி நேரில் பார்த்து மேலொப்பம் இட்டால்தான் இது செல்லும். அவர் இன்னும் இடவில்லை. இடச் சொல்லி நானே எழுதினேன், என் பதினைந்தாவது மனு, முதல்முறையாகப் புகார் இல்லாத மனு. வருகிறேன் என்று உடனே பதில் வந்தது. நல்ல சேதிக்கு மேலொப்பம் இட யாருக்குத்தான் கசக்கும். அவர் குறித்த நாள் ஒன்றாம் தேதி, திங்கள், காலை ஒன்பதரை. நான் கேட்டு வாங்கிய தேதி இல்லை.

மாசிலாமணி வழக்கம்போல வீடு வீடாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார், அண்ணியிடம் பேசத் தயங்கினார். அண்ணியே பேசினாள். அன்றைக்கு நான் ஆடுகிறேன், ஆனால் வருகிறவர் பெரிய அதிகாரி, எல்லாரும் மேலேயே இருந்தால் மரியாதையாக இருக்காது. முப்பத்திரண்டு வீடும் ஒரு ஆள் பாக்கியில்லாமல் கீழே இறங்கி நின்று வரவேற்க வேண்டும், ஏகாம்பரம் தாத்தாவைக்கூடக் கட்டிலோடு இறக்க வேண்டும், அடுப்பெல்லாம் அணைத்துச் சிலிண்டரைத் திருகிவிட்டு வர வேண்டும், வந்தவருக்கு எண்ணெய் வாசம் ஆகுமோ ஆகாதோ என்றாள். மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தோணவே இல்லையே சுகுணா என்றார்.

திங்கட்கிழமை எல்லாரும் தீபாவளித் துணி உடுத்தி இறங்கினார்கள். ஏகாம்பரம் தாத்தாவைக் கட்டிலோடு நாலு பேர் இறக்கி வேப்பமரத்தடியில் வைத்தார்கள். ஐந்து மாதம் கழித்து வானத்தைப் பார்த்த அவர் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அதிகாரி வந்தார், மாலை போட்டார்கள், உதவிப் பொறியாளர் முன்னால் நடக்க, இரண்டாவது மாடியில் எங்கள் வீட்டுக்கு ஏறிவந்தார். அந்தக் கட்டடத்தில் அப்போது நாலே பேர்: அவர், உதவிப் பொறியாளர், அண்ணி, நான். அண்ணி ஒன்பது மணி ஐந்துக்கே ஒரு கட்டம் முடித்திருந்தாள். பறவை உட்கார்ந்திருந்தது. உதவிப் பொறியாளர் கதவு நிலையில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டார், நூல் நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதிகாரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நல்ல மனிதர்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இது என்னம்மா விளையாட்டு, என் பேத்திகூட இந்த மாதிரி ஏதோ ஆடுவாள் என்று விசாரித்தார்.

மணி பத்து அடித்து ஐந்து நிமிஷம். பறவை இறக்கையை விரித்தது.

"சார், இத கொஞ்சம் பிடிங்க" என்றாள் அண்ணி. "அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

கையில் ஒன்றைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதுதானே மனித வழக்கம். வாங்கிக்கொண்டார். அண்ணி எழுந்தாள், டிவி அடியிலிருந்த கடிதத்தை எடுத்தாள், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பையை எடுத்தாள், தொங்கிய நூலில் இடிக்காமல் தலையைக் குனிந்து வெளியே போனாள். முப்பத்திரண்டு வீட்டில் ஒரு அடுப்பும் எரியவில்லை. படியிறங்குகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டு செங்கல்லை இறக்கிவைத்துவிட்டு இறங்குகிறவளின் நடை எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரையில் ஒரு பீப்பாய் வந்து தொங்கியது. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"பறவை வந்து ஒக்காரணும் சார்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

இருபத்தாறு வருஷ சர்வீஸ். பீப்பாயை உருளும்படி வைத்தார், ஏணியை அதன்மேல் வைத்தார், மாடு வாலை ஆட்டியது. எல்லாம் சரிந்தது. தரையிலிருந்து அந்த முழங்கால் சத்தம் ஏறிவந்தது, பிளாக் சாய்ந்தது. தூக்குக்குண்டு நிலையைவிட்டு விலகி, நாலு விரல், எட்டு விரல் என்று அந்தரத்தில் போய் நின்றது. பேனா மேசையிலிருந்து உருண்டது, அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு தரையில் வழுக்கித் தெற்குச் சுவரில் முட்டியது, மாலை கழுத்தில் ஒரு பக்கமாகத் தொங்கியது. மறுபடி ஆடினார், மறுபடி சரிந்தது. கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கீழே வைக்கவும் பயந்தார். அவர் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது, நானும் அந்தக் கட்டடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மாசிலாமணி மூச்சு வாங்க ஏறிவந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிக்குங்க சார். எப்பவும் இப்டி நிக்காது."

அதிகாரி உதவிப் பொறியாளரிடம், விலகலை அளந்து எழுதுய்யா, இப்பவே எழுது என்றார். கன்ட்ரோலரைப் பிடித்த கையோடு கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தும் தெற்கே சாய்ந்துதான் இருக்கிறது, நகல் என்னிடம் இருக்கிறது. முப்பத்திரண்டு குடும்பம் எட்டு மாதமும் நாலு மாதமும் அந்தச் சரிவில் இருந்ததற்கு நகராத காகிதம், ஒரு அதிகாரி ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்ததற்கு நகர்ந்தது.

எதற்கு நகர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெற்குப் பக்கம் இரும்பு முட்டுக் கொடுத்து அஸ்திவாரத்தைச் சரிசெய்ய உத்தரவாகியிருக்கிறது. முட்டு பரிசீலனையில் இருக்கிறது. அதுவரைக்கும் தற்காலிக ஏற்பாடாக ஆபீசிலிருந்து தினம் ஒருவரை அனுப்புகிறார்கள். பத்து மணிக்கு வருவார், எங்கள் வீட்டில் வைத்திருக்கிற பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், ஆடுவார், ஐந்தே முக்காலுக்கு எழுந்துவிடுவார். சிலர் நன்றாகவே ஆடுகிறார்கள். தினம் காலையில் அவர் வரும்வரையும், இரண்டாம் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறைகளிலும் பிளாக் சாயும். மாடிப்படியோரம் குவித்திருந்த செங்கல்லை அவரவர் அடையாளம் பார்த்து எடுத்துப்போய்விட்டார்கள். வருகிறவருக்கு மோர் கொடுக்கிறார்கள். பாதிப் பேர் அண்ணியிடம் பேசுவதில்லை. அந்த அம்மாவின் பேரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்தான், தொட்டில் தானாகத் தெற்கே ஆடியது. நான் சொன்னது போலத்தான் நடந்தது என்று யாரிடமும் சொல்லிக்காட்ட எனக்கு வாய் வரவில்லை. பதினாறாவது மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன், மேசையின் ஒரு காலுக்குச் செங்கல் வைத்து.

ஆனால் அந்த முதல் திங்கட்கிழமையின் சாயங்காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. அண்ணி ஏழு மணிக்கு வந்தாள். வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்கள் நடுவில் நடந்து, எட்டு விரல் சாய்ந்த படிகளில் சுவரைப் பிடிக்காமல் ஏறிவந்தாள். வாசலில் கழற்றிவிட்ட கனமான ஷூ இரண்டும் மெதுவாக நழுவித் தெற்குச் சுவரோரம் போய் நின்றன. அண்ணன் தண்ணீர் கொடுத்தான். எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். பிளாக் நிமிர்ந்த அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களில் யார் முகத்திலும் வராத ஆச்சரியம் அவள் முகத்தில் வந்திருந்தது.

"ஒரு டன்னு இருக்கும் திலகா. நாலாவது தட்டுல ஏத்தி வெச்சேன். வெச்சிட்டு வண்டிய பின்னால எடுத்து, பாத்துக்கினே இருந்தேன்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல" என்றாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்னொரு தடவை சொன்னாள். "வெச்ச எடத்துல இருந்துச்சு. வேற எங்கயும் ஒண்ணும் ஆகல."